நீங்கள் எந்த வகைக் குழாய்?

ஆபீஸ் கதைன்னு சொன்னதுமே நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டீங்க பாருங்க, அதுலயே தெரியுது நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு. மேஜைக்கு அடியில கை நீளும், ஃபைல் காணாம போகும், அதிகாரி வாயைத் தொறந்துட்டுத் தூங்குவாரு, நான் அவரு குறட்டையை விட்டுக் காட்டுவேன், நீங்க வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம். அதானே? மன்னிக்கணும். எங்க ஆபீஸ்ல யாரும் கை நீட்டல. யாரும் தூங்கல. எல்லாரும் காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் மாங்கு மாங்குன்னு வேலை பாத்தோம். வினையே அங்கதான் ஆரம்பிச்சுது.

எங்களது குடிதண்ணி ஆபீஸ். தண்ணி விடுறது, நிறுத்துறது, நிறுத்தினதை மறுபடி விடுறது. இதான் தொழில். இதுல நடுவுல இருக்கே, அதுல நாங்க ரொம்பக் கெட்டிக்காரங்க.

ஒரு நாள் தலைமை அலுவலகத்துலேர்ந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. எங்க அதிகாரி அதை எழுந்து நின்னு படிச்சாரு. அவரை நாங்க பெரியவர்னு சொல்லுவோம். வயசுக்காக இல்ல, நாற்காலி பெரிசு.

"ஒவ்வொரு கிளை அலுவலகத்தின் இணையதளமும் பொதுமக்களின் மனங்கவர்ந்த இணையதளமாகத் திகழ வேண்டியது காலத்தின் கட்டாயமாகும். எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், எத்தனை முறை திரும்பி வருகிறார்கள் என்பவற்றைக் கொண்டு மக்களின் அன்பு அளவிடப்படும். அன்பு குறைந்த அலுவலகங்கள் பக்கத்து அலுவலகத்துடன் இணைக்கப்படும்."

பக்கத்து அலுவலகத்துல ஏற்கெனவே ஒரு பெரியவர் இருக்காரு. அவருக்கும் ஒரே ஒரு நாற்காலிதான். எங்க பெரியவர் நின்ன வாக்குலயே தன்னோட நாற்காலியைத் திரும்பிப் பாத்துக்கிட்டாரு.

"நம்ம சைட்டுக்கு அன்பு எவ்வளவு இருக்குய்யா?"

இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மோட்டார். கம்ப்யூட்டர் பிரிவு அவரு பொறுப்பு. அதுக்கு முன்னாடி பம்ப் ஹவுஸ்ல மோட்டார் ஓட்டிக்கிட்டிருந்தாரு. ரெண்டும் கரண்ட்லதானே ஓடுதுன்னு இங்க மாத்திட்டாங்க.

"பிரஷர் ரொம்பக் கம்மிங்கய்யா. முகப்புலயே 'மறு இணைப்பு'ன்னு பொத்தான் இருக்கு. வர்றாங்க, அமுக்குறாங்க, விண்ணப்பிக்கிறாங்க, போயிடறாங்க. ரெண்டு நிமிஷம் கூட நிக்கிறதில்ல."

"ரெண்டு நிமிஷமா? ஒரு வீட்டுக்கு வந்த ஆளு ரெண்டே நிமிஷத்துல எழுந்து போனா அந்த வீட்டைப் பத்தி ஊர் என்ன பேசும்?"

"உக்கார இடம் இல்லன்னு பேசும்"னேன் நான்.

"சரி, போனவங்க திரும்பியாவது வர்றாங்களா?"

"எதுக்குங்கய்யா வரணும்? அதான் தண்ணி வந்துடுதே."

பெரியவர் மேஜையைத் தட்டினாரு. "இதான்யா நோய்! ஒரே தடவையில வேலை முடிஞ்சுட்டா மக்கள் எப்படிய்யா நம்மளைத் தேடுவாங்க?"

யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருந்துச்சு. அதான் பயமா இருந்துச்சு.

அன்னைக்கே கூட்டம். ஊழியர்கள் தினமும் எந்தெந்த இணையதளத்தை ஆசையாப் பாக்குறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி, அந்த ஆசையை அப்படியே நம்ம சைட்டுக்குள்ள கொண்டு வந்துடணும்னு தீர்மானம்.

"தயங்காம சொல்லுங்க. நீங்க என்ன பாப்பீங்க?"ன்னு ஹெட் கிளார்க்கைக் கேட்டாரு.

"நான் செய்தி மட்டும்தான் சார். அதுலயும் தலையங்கம்."

"நீங்க?"

"பொருளாதாரம் சார்"ன்னாங்க டைப்பிஸ்ட் அக்கா.

"உலக அரசியல்"ன்னாரு கேஷியர்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டினாரு. "நான் கேக்குறது வீட்டுல பாக்குறதை இல்ல. ஆபீஸ் நேரத்துல பாக்குறதை."

அப்படிக் கேட்டா மனுஷன் என்ன பண்ணுவான்? ஒண்ணொண்ணா வந்துச்சு. ஹெட் கிளார்க் பாக்குறது ராட்சசச் சட்டியில ஊருக்கே சமைக்கிற வீடியோ. டைப்பிஸ்ட் அக்கா பாக்குறது, எந்த நடிகை யாரோட பேசுறதை நிறுத்திட்டாங்கங்கிற சைட்டு. கேஷியர் தினமும் தன்னோட ராசிபலனை நாலு சைட்டுல பாத்து, அதுல எது நல்லா இருக்கோ அதை எடுத்துப்பாரு. மோட்டாருக்கு நாய்க்குட்டி. நான் 'இந்த மனிதர் கதவைத் திறந்தபோது கண்ட காட்சி'ங்கிற மாதிரி செய்திங்களை, கதவுக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சே திறந்து திறந்து பாக்குற ஜாதி.

"ஐயா என்ன பாப்பீங்க?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிட்டாரு. "காட்டுக்குள்ள ஒருத்தன் தனியா, ஒரு குச்சியை வெச்சுக்கிட்டுக் குழி தோண்டி நீச்சல் குளம் கட்டுறான். அனுமதி வாங்கறதில்ல. வரைபடம் கிடையாது. கட்டி முடிச்சதும் அதுல தண்ணி வருது." தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "எப்படி வருதுன்னுதான் தெரியல."

பதினஞ்சு நாள்கூட ஆகல, சைட்டு ஆளே மாறிப்போச்சு. முகப்புல கொட்டை எழுத்துல செய்தி: 'மேல்நிலைத் தொட்டிக்குள் எட்டிப்பார்த்த அதிகாரி! உள்ளே இருந்தது என்ன?' அதை அமுக்கினா அடுத்த பக்கம். அங்கேர்ந்து அடுத்தது. கடைசிப் பக்கத்துல பதில். தண்ணி. பாதிக்கும் கொஞ்சம் கம்மி.

கேஷியர் யோசனைப்படி வாரபலன். ஆனா அரசாங்க சைட்டுல ராசி போடக்கூடாதாம், அதனால குழாய் அளவுப்படி போட்டோம். 'அரை அங்குல இணைப்புதாரர்களே! இந்த வாரம் வரவு மந்தம். உறவினர் வருகையால் வாளிகள் காலியாகும். முக்கால் அங்குலக்காரரிடம் பொறாமை கொள்ள வேண்டாம்.' தண்ணி வராத வீட்டுக்காரங்க மன அமைதிக்காகத் தண்ணி கொட்டுற சத்தம் மட்டும் தனியா ஒரு பக்கம். டைப்பிஸ்ட் அக்கா பொறுப்புல நடிகைகள் பகுதி. அரசாங்கச் சைட்டாச்சே, தண்ணியோட ஒட்டுதல் வேணும்னு, குளிக்கிற நடிகை, அழுகிற நடிகை, மழையில நனையுற நடிகை மட்டும்.

எல்லாத்துக்கும் மேல எங்க மோட்டாரோட கண்டுபிடிப்பு ஒண்ணு இருந்துச்சு. 'நீங்கள் எந்த வகைக் குழாய்? ஏழே கேள்விகளில் உங்கள் குணம்!' நேர்க் குழாய், வளைந்த குழாய், கசியும் குழாய், துருப்பிடித்த குழாய். இதுக்குப் பதில் சொன்னாத்தான் மேல போக முடியும்.

மறு இணைப்புப் பொத்தான் என்ன ஆச்சுன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன்.

"இருக்குங்க"ன்னாரு மோட்டார். "முகப்புல வெச்சா ஜனம் வந்த வேகத்துல வடிஞ்சு போயிடுது. அதனால அதை ஆர்வத்தைத் தூண்டுற இடத்துல வெச்சிருக்கேன்."

"எந்த இடம்?"

"ஒரே இடம்னா ஆர்வம் போயிடும்ங்க. அது நடமாடும்."

இந்த நேரத்துலதான் எங்க ஃபிட்டர், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு இணைப்பை நிறுத்தப் போய், பக்கத்துல இருந்த சலவைக்கடை இணைப்பை நிறுத்திட்டு வந்தாரு. ஆள் இல்லாத வீட்டுல தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. சலவைக்கடையில காத்துதான் வந்துச்சு. அந்தக் கடையை நடத்துற அம்மா ஒண்டி ஆளு. ஒரு ஆஸ்பத்திரியோட படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் அவங்கதான் துவைச்சுக் குடுக்குறாங்க. அதை நம்பித்தான் கடை, கடையை நம்பித்தான் வீடு. மறுநாளே கவுன்டருக்கு வந்துட்டாங்க.

"சார், தப்பு உங்க பக்கம்தானே? நீங்களே திருப்பி விட்டுடுங்க."

"தப்பா நிறுத்துறதுக்கு விண்ணப்பம் வேண்டாம்மா. சரியாத் திறக்குறதுக்குத்தான் வேணும்."

"குடுங்க, இங்கேயே எழுதித் தர்றேன்."

"பேப்பர்ல எழுதினா அன்பு பதிவாகாது. சைட்டுக்குப் போங்க."

அவங்க என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. கறையை அப்படித்தான் பாப்பாங்களா இருக்கும். அடுத்த நாள் திரும்பவும் வந்தாங்க.

"போய்ப் பாத்தேன் சார். நான் வளைஞ்ச குழாயாம்."

"சந்தோஷம்மா. என் பொண்டாட்டி துருப்பிடிச்சது."

"அப்புறம் 'வளைந்த குழாய்கள் இதையும் விரும்பினார்கள்'னு ஒரு நடிகை நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுறதைக் காட்டுது. அந்த நாய்க்கு இருக்குற தண்ணி எனக்கு இல்லியே சார். பொத்தான் எங்க?"

"கீழ இறங்கிப் பாத்தீங்களா?"

"இறங்கினேன். கீழ தெரிஞ்சுது. கிட்டப் போனேன், மேல ஏறிடுச்சு. மேல போனேன், தொட்டிக்குள்ள அதிகாரி என்னத்தையோ பாத்தாருன்னு வந்துச்சு. என்னத்தைத்தான் பாத்தாருன்னு முழுசாப் படிச்சுத் தொலைச்சேன். முடிச்சா, மறுபடியும் நீங்கள் எந்த வகைக் குழாய்ங்கிது! ஒரு தடவை சொன்னா நினைவு இருக்காதா உங்க கம்ப்யூட்டருக்கு?"

"மனுஷங்க மாறிக்கிட்டே இருப்பாங்கள்ல, அதான்."

"ஆஸ்பத்திரியில வேற ஆளைப் பாக்கப்போறேங்கிறாங்க சார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள விரிப்பு வரலைன்னா என்னை விட்டுடுவாங்களாம்."

நான் பெரியவர்கிட்ட போய்ச் சொன்னேன், ஒரே ஒரு இணைப்பை மட்டும் கையால திறந்து விட்டுடலாமான்னு. அவரு நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாரு. "ஒருத்தருக்குன்னு சட்டத்தை வளைச்சா நாளைக்கு எல்லாருக்கும் தண்ணி விடச் சொல்லுவாங்க. அந்தம்மாவா இருந்தா என்ன, நாமளா இருந்தா என்ன? எல்லாருக்கும் ஒரே வழி, பொத்தான்."

அந்த வாக்கியத்தை நினைவுல வெச்சுக்கங்க.

இப்படித் தண்ணி நின்னுபோன ஜனம் ஊர் முழுக்க, காலையில எந்திரிச்சதும் பொத்தானைத் தேடி எங்க சைட்டைத் திறந்துச்சு. மத்தியானம் திறந்துச்சு. கணவன் தேடிக் களைச்சதும் மனைவி போனை வாங்கித் தேடுனாங்க. செய்திச் சைட்டுங்களை எல்லாம் நாங்க தாண்டிட்டோம். மோட்டார் வரைபடத்தைக் கொண்டு வந்து காட்டினாரு. கோடு அண்ணாந்து பாக்குற உசரத்துக்குப் போயிருந்துச்சு.

"வராங்க ஐயா! தங்குறாங்க! திரும்பத் திரும்ப வராங்க! அதுவும் ஒரே ஒரு வாசகர், காலையில உள்ள வந்தா ராத்திரி வரைக்கும் வெளிய போறதே இல்ல."

"யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

பாத்தா, சலவைக்கடை அம்மா.

பெரியவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "பாத்தியாய்யா? கவுன்டர்ல நின்னு சண்டை போட்டாங்க. ஆனா உள்ளுக்குள்ள எவ்வளவு பாசம்!"

தலைமை அலுவலகத்துலேர்ந்து தகவல் வந்துச்சு. எங்களுக்குத்தான் முதல் பரிசு. மேலதிகாரியே நேர்ல வந்து குடுக்குறாரு. வெள்ளிக்கிழமை விழா. அன்னைக்கு எங்க தலைசிறந்த வாசகரையும் மேடையேத்திக் கௌரவிக்கிறோம்.

ஆபீஸ் வாசல்ல மேடை போடக் குழி தோண்டினாங்க. திங்கக்கிழமை தோண்டினாங்கன்னு நினைக்கிறேன். அன்னைலேர்ந்து ஆபீஸ்ல ஒரு மாற்றம். ஹெட் கிளார்க் சட்டியில சமைக்கிறதைப் பாக்குறதில்ல. கேஷியர் ராசிபலன் பாக்குறதில்ல. எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம நம்ம சைட்டையே பாக்குறாங்க. நடுநடுவுல ஒருத்தர் "அதோ!"ன்னு கத்துவாரு, மத்தவங்க ஓடுவாங்க, "போச்சு"ன்னு திரும்பி வருவாங்க. எதிர்க்கடைக்கு வேற அடிக்கடி போய் வந்தாங்க. பெரியவர் தன்னோட அறை வாசல்ல, கையில வாங்கின தண்ணி பாட்டிலோட நின்னு, பூரிச்சுப் போய்ப் பாத்தாரு.

"நம்ம ஆளுங்களே வாசகர் ஆயிட்டாங்களேய்யா!"

"ஆமாங்கய்யா"ன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? விழா நல்லபடியா நடக்கணுமே.

அந்தம்மாவை அழைக்க என்னைத்தான் அனுப்புனாங்க. கடைக்குள்ள கால் வைக்க இடமில்லாம அழுக்கு விரிப்பு மூட்டை மூட்டையாக் கிடந்துச்சு. அவங்க ஒரு மூட்டை மேல உக்காந்து போனைத் தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க.

"அம்மா, உங்களுக்கு விருது."

"தண்ணி?"

"மேடையில நாலு வார்த்தை நல்லதாச் சொன்னீங்கன்னா, மேடையிலேயே தண்ணி. பெரியவரே தன் கையால பொத்தானை அமுக்குறாராம்."

போனைக் கீழ வெச்சாங்க. "நாலு வார்த்தை என்ன, நாப்பதே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் விழா. பெரிய திரை, ஒலிபெருக்கி, வரிசையா நாற்காலி. மேலதிகாரி கார்ல வந்து இறங்குனாரு. வந்ததும் வராததுமா டிரைவர்கிட்ட என்னமோ சாடை காட்டுனாரு. டிரைவர் ஒரு வாளியை எடுத்துக்கிட்டுக் கட்டடத்துக்குப் பின்னாடி போனாரு. வண்டிக்குத் தண்ணி ஊத்தப் போறாருன்னு நினைச்சேன்.

சலவைக்கடை அம்மா வந்தாங்க. முதுகுல ஒரு மூட்டை. இங்கேர்ந்து நேரா கடைக்கு ஓடி ஊறப் போடணுமாம், அதனால இருக்கட்டும்னு அதை மேடை ஓரமாவே இறக்கி வெச்சாங்க.

விருது, கண்ணாடியில செஞ்ச ஒரு குழாய். வாங்கின உடனே பழக்கதோஷத்துல அதோட திருகைத் திருகிப் பாத்தாங்க. கைதட்டல் பிச்சுக்கிட்டுப் போச்சு. மைக் அவங்க கைக்குப் போச்சு.

"எல்லாருக்கும் வணக்கம். காலையில கண்ணு முழிச்சதும் இந்தச் சைட்டைத்தான் பாப்பேன். படுத்தாலும் இதே நினைப்புத்தான். எத்தனையோ சைட்டு இருக்கு, போனோமா வந்தோமான்னு இருக்கும். இது மாதிரி ஆளைக் கட்டிப் போடுற சைட்டை நான் பாத்ததே இல்ல. இதை உண்டாக்குனவங்க வீட்டுக்கெல்லாம் நான் அனுபவிச்சது அப்படியே கிடைக்கணும்."

பெரியவர் கைக்குட்டையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. "இதுக்கு மேல நான் என்ன பேச? இந்தச் சகோதரிக்கு மறு இணைப்பை உங்க முன்னிலையில வழங்குறேன்!"

திரையில சைட்டு திறந்துச்சு. தொட்டிக்குள் எட்டிப்பார்த்த அதிகாரி. பெரியவர் அதைத் தள்ளினாரு. ஏழு கேள்வி வந்துச்சு. சபைக்கு முன்னாடி ஒவ்வொண்ணுக்கா பதில் சொன்னாரு. 'நீங்கள் கசியும் குழாய். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர்.' மேலதிகாரி ரசிச்சுத் தலையாட்டுனாரு.

"அதைத் தொடாதீங்க ஐயா, முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடும்"ன்னாங்க அந்தம்மா.

தொட்டுட்டாரு. ஆரம்பிச்சுடுச்சு. இப்ப அவரு துருப்பிடிச்ச குழாய்.

"கீழ மூலையில பாருங்க ஐயா! அதான்! மெதுவா... பக்கவாட்டுல போங்க, நேராப் போனா ஓடிடும்... அய்யோ, போச்சு."

"எங்க போச்சு?"

"நாய்க்குட்டிக்குப் பின்னாடி."

பெரியவர் நாய்க்குட்டிக்குப் பின்னாடி போனாரு. மழையில நனையுற நடிகை வந்துச்சு. திரும்பினாரு. தண்ணி கொட்டுற சத்தம் ஒலிபெருக்கியில சோன்னு கேக்க ஆரம்பிச்சுது, நிறுத்தத் தெரியல. வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு. மேலதிகாரி மட்டும் கடிகாரத்தைப் பாத்துட்டு மைக்கை வாங்குனாரு.

"பாத்தீங்களா? உள்ள வந்து எவ்வளவு நேரமாச்சு! அதிகாரியாலயே வெளிய வர முடியல. இதல்லவா வெற்றி!"

இன்னொரு கைதட்டல். அந்தம்மா கைதட்டல. மூட்டையைப் பாத்தாங்க, வெயிலைப் பாத்தாங்க.

"ஐயா, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகணும். நல்லதாச் சொல்லிட்டேன்ல? தண்ணி?"

பெரியவருக்கு ஒரு வழி கிடைச்சுது. "தாயே, பொத்தான் கிடைக்கிறபோது கிடைக்கட்டும். அதுவரைக்கும் நம்ம ஆபீஸ் பின்பக்கக் குழாய் உங்களுது. போய்த் தாராளமாத் துவைங்க. இது அரசாங்கத்தோட அன்புப் பரிசு!"

கூட்டம் எழுந்து நின்னு தட்டுச்சு. எங்க ஆபீஸ்காரங்க மட்டும் தட்டல. ஹெட் கிளார்க் செருப்பைப் பாத்தாரு. கேஷியர் வானத்தைப் பாத்தாரு. எனக்கு லேசா இருமல் வந்துச்சு. அந்தம்மா முகத்துல அன்னைக்குத்தான் முதல்முறையா ஒரு தெளிவு. மூட்டையைத் தோள்ல தூக்கிக்கிட்டு, கண்ணாடிக் குழாயை இடுப்புல சொருகிக்கிட்டு, கட்டடத்துக்குப் பின்பக்கம் கிளம்புனாங்க.

அந்தப் பக்கத்துலேர்ந்து டிரைவர் வாளியோட வந்தாரு. வாளி காத்துல ஆடுது.

"எங்கக்கா போறீங்க? துணி துவைக்கவா? ஒரு சொட்டு இல்ல அங்க!"

மைக் இன்னும் மேலதிகாரி கையில திறந்துதான் இருந்துச்சு. டிரைவர் பேசிக்கிட்டே மேடைகிட்ட வந்துட்டாரு. பேசினது ஊருக்கே கேட்டுச்சு.

"இந்த மேடைக்குக் குழி தோண்டும்போது ஆபீஸ் குழாயை உடைச்சு, லைனை மூடிட்டாங்களாம். திறந்து விடுறதுன்னா அதுக்கும் அந்தப் பொத்தான்தானாம். உள்ள ஒருத்தரைக் கேட்டேன், 'நாங்களே திங்கக்கிழமையிலேர்ந்து அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்'ங்கிறாரு."

அந்தம்மா தோள்லேர்ந்து மூட்டை இறங்கிடுச்சு. ஒலிபெருக்கியில மட்டும் தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு.

மேலதிகாரி பல்லைக் கடிச்சுக்கிட்டு, "தெரியாத விஷயத்துல வாயை விடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"ன்னாரு.

"தெரியாம என்னங்கய்யா? நம்ம ஹெட் ஆபீஸ்லயும் இதே கதைதானே! அதனாலதானே நாம பரிசு குடுக்குறோம்னு ஊர் ஊராப் போய், போற இடத்துல எல்லாம் குளிச்சுட்டு வர்றோம்?" வாளிக்குள்ள கையை விட்டு, துண்டையும் சோப்பையும் எடுத்து மேடை மேல வெச்சாரு. "இன்னைக்கு எங்கங்கய்யா குளிப்பீங்க?"